அன்றாட நகை: கலப்பு, கணக்கு, காப்பு

நகையைப் பற்றி இந்தப் பக்கங்களில் என்ன எழுத்து வேண்டிக்கிடக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வரதட்சணை பற்றி எழுதலாம். தாலி மறுப்பு பற்றி எழுதலாம். நகைக்கடை விளம்பரங்கள் உற்பத்தி செய்யும் 'மணப்பெண்' பிம்பத்தைக் கட்டுடைக்கலாம். இவையெல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன, இன்னும் எழுதப்படும். ஆனால் காலையில் எழுந்து வேலைக்குப் போகிற ஒரு பெண்ணின் காதிலும் மூக்கிலும் கழுத்திலும் காலிலும் சும்மா கிடக்கிறதே, கழட்டாமல் தூங்கி, கழட்டாமல் குளித்து, கழட்டாமல் பாத்திரம் தேய்க்கிற அந்த ஏழெட்டு கிராம், அதைப் பற்றி நம்மிடம் பேச்சே இல்லை. கல்யாண நகைக்குக் கோட்பாடு இருக்கிறது. அன்றாட நகைக்கு இருப்பதெல்லாம் கடைக்காரர் பேச்சும் பக்கத்து வீட்டு யோசனையும்தான். எதை வாங்குவது, எப்படி வாங்குவது, எப்படி வைத்துக்கொள்வது என்ற கேள்விகளைப் 'பொம்பளைங்க சமாச்சாரம்' என்று ஒதுக்கிவைத்ததில் நமக்கு ஒரு வசதி இருந்திருக்கிறது. அது என்ன வசதி என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

1

முதலில் சொல்லிலிருந்து தொடங்கலாம். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவதாக வைப்பது நகையை. அங்கே அது சிரிப்பு. பழைய இலக்கியத்தில் அணிகலனுக்கு இழை, பூண், தொடி, கலன் என்று வேறு சொற்கள் புழங்கின. பெண்ணைக் குறிக்க ஆயிழை, சேயிழை, பைந்தொடி என்று சொன்னார்கள். இலக்கண வகுப்பில் இதை அன்மொழித்தொகை என்று மனப்பாடம் செய்திருக்கிறோம். அதாவது தொகையில் உள்ள எந்தச் சொல்லிலும் இல்லாத ஒரு ஆளைத் தொகை சுட்டுகிறது. 'பைந்தொடி வந்தாள்' என்றால் சொல்லில் இருப்பது வளையல், பசுமை, பெண் இல்லை. பெண்ணை நாம் வருவித்துக்கொள்ள வேண்டும். நகை முன்னால் வருகிறது, ஆள் தொக்கி நிற்கிறாள்.

இதை இலக்கணக் குறும்பு என்று விட்டுவிட முடியாது. இன்றைக்கும் தெருவில் ஒரு பெண்ணைப் பார்க்கிற கண் முதலில் படிப்பது இந்தத் தொகையைத்தான். கழுத்தில் சரடு இருக்கிறதா, காலில் மெட்டி இருக்கிறதா, போட்டிருப்பது தங்கமா கவரிங்கா. 1961இல் ரொலாண் பார்த் நகை பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். பூமியின் ஆழத்திலிருந்து வந்த கல்லும் பொன்னும் ஒரு காலத்தில் மந்திர சக்தி கொண்டவையாக இருந்தன. நவீன காலத்தில் நகை அந்த மந்திரத்தை இழந்து, மரம் கண்ணாடி உட்பட எந்தப் பொருளிலும் செய்யக்கூடியதாகி, உடைக்கு அர்த்தம் தருகிற ஒரு சிறு 'நுணுக்கமாக' மாறிவிட்டது என்பது அவர் வாதம். பாரிசுக்கு அது சரியாக இருக்கலாம். நமக்குப் பொருந்தாது. இங்கே தோடு என்பது உடையின் நுணுக்கம் மட்டும் அல்ல. அது சேமிப்பு, சாதி, சாட்சி, ஆஸ்பத்திரிச் செலவு. பார்த் சொல்கிற குறியும் மார்க்ஸ் சொல்கிற சரக்கும் ஒரே கொக்கியில் தொங்குகின்றன.

சாதி என்றேன். 1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. ஹட்டனின் இந்தியச் சாதிகள் பற்றிய நூல் இதைப் பதிவு செய்திருக்கிறது. இதன் மறுபக்கம் கேரளத்தில் நடந்தது. அங்கே புலையப் பெண்கள் கழுத்தில் கல்மாலையைத்தான் அணிய வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. 1915இல் கொல்லம் பகுதியில், அய்யன்காளியின் தலைமையில், அந்தப் பெண்கள் கல்மாலைகளைக் கழற்றி எறிந்தார்கள். 1927 டிசம்பரில் மகாதில் பெண்களிடம் பேசிய அம்பேத்கர், கை நிறைய அணியும் மட்டமான உலோக நகைகள் தீண்டாமையின் அடையாளமாகிவிட்டன, அவற்றை விட்டுவிடுங்கள் என்றார். ஆக, ஒருத்திக்கு நகை போடத் தடை. இன்னொருத்திக்கு நகை போடக் கட்டாயம். இரண்டும் ஒரே அதிகாரம்தான். 'நகை என்றாலே அடிமைத்தனம்' என்று மேடையில் ஒரே போடாகப் போடும் தோழர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கழற்றுவதும் விடுதலையாக இருந்திருக்கிறது, போட்டுக்கொள்வதும் விடுதலையாக இருந்திருக்கிறது. யார் சொல்லி என்பதுதான் கேள்வி.

2

இனி உலோகத்துக்கு வருவோம். கடையில் கேட்கிற முதல் கேள்வி 'சுத்தத் தங்கமா?' என்பது. சுத்தத் தங்கத்தில் அன்றாட நகை செய்ய முடியாது. 24 காரட் தங்கம் அவ்வளவு மென்மை. வளையும், நசுங்கும், கல்லைப் பிடித்துக்கொள்ளாது. 22 காரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். மீதி 84 பங்கு செம்பு, வெள்ளி போன்றவை. 18 காரட்டில் தங்கம் 750 பங்கு. கலப்பு கூடக் கூட உறுதி கூடுகிறது. தினமும் சுவரில் இடித்து, கதவில் இடித்து, பஸ் கம்பியைப் பிடிக்கிற கை விரலில் கல் மோதிரம் போடுவதானால் 18 காரட்தான் நிற்கும். ஆனால் நாம் 22 கேட்கிறோம். ஏனென்றால் நாம் வாங்கும்போதே அடகு வைக்கிற நாளை நினைத்துக்கொண்டுதான் வாங்குகிறோம். அதில் தப்பில்லை. ஆனால் கலப்பினால்தான் நகை நகையாக நிற்கிறது என்பதைத் 'தூய்மை' என்ற சொல் மறைக்கிறது. இந்தச் சமூகத்தில் அந்தச் சொல் வேறு எங்கெல்லாம் என்னென்ன வேலை செய்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தூய்மைக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? 'கேடிஎம் நகை' என்று ஒரு காலத்தில் ஊரெல்லாம் பலகை வைத்தார்கள். காட்மியத்தின் சுருக்கம் அது. நகையின் துண்டுகளைப் பற்றவைக்கப் பழைய முறையில் செம்பும் வெள்ளியும் கூடுதலாகச் சேர்ந்த பொடி. அதனால் நகையை உருக்கினால் மாற்று குறையும். 92 பங்கு தங்கத்தோடு 8 பங்கு காட்மியம் சேர்த்துப் பற்றவைத்தால் மாற்று குறையாது. காட்மியம் 767 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். தங்கம் உருகுவதற்கே 1064 டிகிரி வேண்டும். சரி, ஆவியான காட்மியம் எங்கே போனது? ஊதுகுழலுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்த பத்தரின் நுரையீரலுக்குப் போனது. சிறுநீரகத்துக்குப் போனது. 1993இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை காட்மியத்தை மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்தியது. வாங்குகிறவருக்கு மாற்று குறையாத நகை. செய்கிறவருக்கு மூச்சு குறைந்த உடம்பு. யாராவது இன்றைக்கும் 'கேடிஎம் சார், சுத்தம்' என்று பெருமையாகச் சொன்னால் அந்த நகையை வாங்காதீர்கள். துத்தநாகம் போன்ற வேறு உலோகம் சேர்த்த பற்று இருக்கிறது.

பொற்கொல்லர் மீது நமக்கு இருக்கும் சந்தேகமும் பழையது. சிலப்பதிகாரத்தில் ஒரு பொற்கொல்லன் சொன்ன பொய்யால் கோவலன் வெட்டுப்பட்டான். கண்ணகி சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கப் பரல். உடைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு அத்தாட்சி அந்த நகைக்கு இல்லை. பிற்பாடு வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலி கொடுத்ததாகவும் அந்தக் காப்பியம் சொல்கிறது. ஒருவன் சொன்ன பொய்க்கு ஆயிரம் பேர். கதையாகவே இருக்கட்டும், ஒரு தொழில் சாதியை மொத்தமாகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் மனம் அதில் இருக்கிறது. அரசும் இதைச் செய்தது. சீனப் போரை ஒட்டி 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றன. கடத்தலை ஒழிப்பதாகச் சொல்லித் தட்டார் வயிற்றில் அடித்தார்கள். வேலை இழந்தவர்களில் பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்த 14 காரட் விதி 1966இல் கைவிடப்பட்டது. 1968இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல்தான் ஒழிந்தது.

இப்போது உடைத்துப் பார்க்க வேண்டியதில்லை. இந்தியத் தர அமைவனத்தின் ஹால்மார்க் 2000இல் தங்கத்துக்கு வந்தது. 2021 ஜூனில் 256 மாவட்டங்களில் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்து-எண் கொண்ட தனி அடையாளக் குறி இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. நகையில் மூன்று முத்திரை பார்க்க வேண்டும்: முக்கோணச் சின்னம், 22கே916 போன்ற மாற்று, அந்த ஆறு இலக்கக் குறி. கடையில் உருப்பெருக்கிக் கண்ணாடி கேளுங்கள். குறியைத் தர அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் விவரம் வரும்.

இதில் ஒரு ஓட்டை. இரண்டு கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. மூக்குத்தி, குழந்தைக்குப் போடும் கம்மல், ஒரு கிராம் மோதிரம் எல்லாம் இதில் அடங்கும். அதாவது கூலிக்காரப் பெண்ணால் வாங்க முடிகிற நகை எதுவோ அதுதான் அத்தாட்சிக்கு வெளியே நிற்கிறது. வழி என்ன? ரசீதில் எடையும் காரட்டும் எழுதித்தரச் சொல்லி வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் சிறு கட்டணம் கட்டி நாமே சோதித்துக்கொள்ளலாம்.

3

ரசீது என்றதும் கணக்குக்கு வந்துவிட்டோம். நகை விலை என்பது எடையை விலையால் பெருக்குவது மட்டும் அல்ல. செய்கூலி, சேதாரம், அதற்கு மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. சேதாரம் என்பது செய்யும்போது வீணாகும் தங்கத்துக்கு என்று சொல்கிறார்கள். இயந்திரத்தில் அச்சடித்த வளையலுக்கும் அதே சொல்தான். 8 கிராம் சங்கிலிக்கு 12 சதவீதம் சேதாரம் என்றால் கிட்டத்தட்ட ஒரு கிராம் தங்கத்தின் காசு. திரும்ப விற்கும்போது அது வராது. அன்றாட நகைக்கு வேலைப்பாடு குறைந்த, கெட்டியான உருவத்தை எடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

அடுத்தது கல் எடை. 8 கிராம் நகையில் ஒரு கிராம் கல் இருந்து, அதையும் தங்க எடையில் சேர்த்துவிட்டால் எட்டில் ஒரு பங்கு காசு கண்ணாடிக் கல்லுக்குப் போகிறது. மொத்த எடை, கல் எடை, நிகர எடை என்று மூன்றையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். தாலிக் குண்டு மாதிரி உள்ளே அரக்கு நிரப்பியதற்கும் இதே விதி. வெளியே மினுக்கம் பார்த்து உள்ளே ஊதினாற்போல் இருக்கிற பொள்ளல் நகை தினசரிக்கு ஆகாது. ஒருதரம் நசுங்கினால் நிமிர்த்த முடியாது.

ரசீது யார் பெயரில் இருக்கிறது? இதுதான் முக்கியம். பெரும்பாலும் அப்பா பெயர், அண்ணன் பெயர், புருஷன் பெயர். பெண்ணுக்குத் தரப்பட்ட சீதனம் அவளுடைய முழுச் சொத்து, கணவன் வீட்டார் அதை வெறும் பொறுப்பில் வைத்திருப்பவர்களே என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் நீதிமன்றத்தில் கேட்கப்படுவது எது எவ்வளவு எடை, யார் எப்போது கொடுத்தது என்கிற விவரம். ரசீது அவள் பெயரில் இருக்கட்டும். இல்லாவிட்டால் எடையோடு ஒரு பட்டியலும் புகைப்படமும் அவள் கையில், நகை இருக்கும் அதே பீரோவில் அல்லாமல் வேறிடத்தில், இருக்கட்டும்.

நிலத்துக்குப் பதிலாகத்தான் தங்கம் வந்தது என்பதையும் மறக்க வேண்டாம். 1989இல் தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டுப் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு வந்தது. அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களை அது விலக்கியது. சட்டம் வந்த பிறகும் 'உனக்குத்தான் பவுன் போட்டாச்சே' என்ற ஒரு வரியில் எத்தனை ஏக்கர் கைமாறியிருக்கும்! காதில் கிடக்கிற தோடு பல வீடுகளில் ஒரு வயலின் மிச்சம்.

அரசின் கணக்கு இன்னும் வேடிக்கை. 1994 மே மாதம் மத்திய நேரடி வரிகள் வாரியம் சோதனை அதிகாரிகளுக்கு ஒரு அறிவுறுத்தல் அனுப்பியது. வீட்டுச் சோதனையில் மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 கிராம் வரை நகையைப் பறிமுதல் செய்ய வேண்டாம். பெண் என்பவள் எவ்வளவு எடை, கல்யாணம் ஆனால் எவ்வளவு ஏறும் என்று கிராமில் எழுதிவைத்த ஆவணம் இது. அன்மொழித்தொகையை அரசாணையில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

4

மூன்றாவது, காப்பு. இந்தச் சொல்லுக்கு வளையல் என்றும் பொருள், பாதுகாப்பு என்றும் பொருள், 'கையில் காப்பு மாட்டிட்டாங்க' என்றால் விலங்கு என்றும் பொருள். நகையைப் பராமரிப்பது என்பதில் மூன்றும் உண்டு.

தங்கம் துருப்பிடிக்காது. ஆனால் அதில் சேர்ந்த செம்பும் வெள்ளியும் வேலை காட்டும். பிளீச்சிங் பவுடர், குளோரின் கலந்த தரை கழுவும் திரவம் எல்லாம் அந்தக் கலப்பையும் பற்றவைத்த இடத்தையும் அரித்து நகையை நொறுங்க வைக்கும். வீட்டுவேலை செய்கிற, ஆஸ்பத்திரியில் துப்புரவு செய்கிற பெண்களின் மோதிரமும் வளையலும் சீக்கிரம் விட்டுப்போவதை 'ராசி' என்று சொல்வார்கள். அது ராசி இல்லை, வேலை. பழைய ஜுரமானி உடைந்து பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும்; கையால் தொடாமல் நகையைத் தள்ளி வையுங்கள்.

கழுவ வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மென்மையான பழைய பிரஷ் போதும். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர் இன்னும் நல்லது. பற்பசை வேண்டாம், அதில் உள்ள நுண்ணிய துகள் தங்கத்தைக் கீறும். தூசியோடு இருப்பதை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பதும் கீறல்தான். தூசியில் மணல் இருக்கிறது. 'மெருகு போட்டுத் தர்றேன்' என்று வாசலில் வருகிறவரிடம் கொடுக்காதீர்கள். அமிலத்தில் முக்கி எடுக்கிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தங்கம் அவர் கிண்ணத்தில் தங்கிவிடும். வைரம் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும் கல்; மங்கினால் கல் கெட்டுவிட்டது என்று பயப்படாமல் சோப்புத் தண்ணீரில் கழுவினால் சரியாகும். முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சத்து. புளி, எலுமிச்சை, வினிகர், வியர்வை எல்லாம் அவற்றைக் கரைக்கும். பவுடர், சென்ட் எல்லாம் முடிந்தபின் கடைசியாகப் போட்டு, வீட்டுக்கு வந்ததும் முதலில் கழட்ட வேண்டியவை அவை.

வெள்ளி கறுப்பது உடம்புச் சூட்டினால் இல்லை. காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாகப் படிகிறது. அடியில் அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் வெந்நீரும் சமையல் சோடாவும் போட்டு, கொலுசு அந்தத் தாளைத் தொடும்படி வைத்தால், கந்தகம் அலுமினியத்துக்கு மாறிவிடும். வெள்ளி வெள்ளியாகவே மிஞ்சும். தேய்த்துத் தேய்த்து எடை குறைப்பதைவிட இது மேல். கல் பதித்ததற்கு இந்த முறை வேண்டாம்.

கவரிங் பற்றி நமக்கு ஒரு இளக்காரம் உண்டு. பித்தளை அல்லது செம்பின் மேல் மெல்லிய தங்கப் பூச்சு. தெருவில் சங்கிலி அறுப்பவனுக்குப் பயந்து தங்கத்தை வீட்டில் வைத்துவிட்டு இதைப் போட்டு நடக்கிற பெண்கள் எவ்வளவு பேர்! போலி என்று எளிதாகச் சொல்கிறோம். தெருவை அவளுக்குப் பத்திரமாக வைக்க முடியாத சமூகம்தான் இங்கே போலி. 'எனக்குத் தங்கம் தவிர எதுவும் ஒத்துக்காது' என்று சிலர் சொல்வது குடும்பப் பெருமை மாதிரி ஒலிக்கும். பெரும்பாலும் அது நிக்கல் ஒவ்வாமை. மலிவான உலோகத்தில் நிக்கல் இருந்து, காது குத்தியதும் அதையே போட்டால், வாழ்நாள் முழுக்க அரிப்பு தங்கிவிடும். குத்திய புண் ஆறும்வரையாவது தங்கம் அல்லது நிக்கல் இல்லாத உலோகம் போடுங்கள். அப்புறம் எது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

உடம்பு நகையைவிட முக்கியம் என்பதையும் சொல்லியாக வேண்டும். தையல் ஆலையிலோ மாவு மில்லிலோ இயந்திரத்தின் முன் நிற்கும்போது மோதிரம் விரலையே பிடுங்கிவிடும், கழட்டி வையுங்கள். கனமான ஜிமிக்கிக்கு மாட்டல் போடுங்கள், இல்லாவிட்டால் காதுத் துளை கிழியும். மெட்டிக்கு அடியில் ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். வருஷத்துக்கு ஒருதரம் திருகாணி, கொக்கி, சங்கிலி வளையங்கள் தேய்ந்திருக்கிறதா என்று தெரிந்த பத்தரிடம் காட்டுங்கள். நகை தொலைவது பெரும்பாலும் திருடனால் இல்லை, தேய்ந்த திருகாணியால்.

5

இப்போது அந்த வசதிக்கு வருகிறேன். நகையை ஆணாதிக்கக் குறி என்று விமர்சித்த இயக்கங்களும் இதழ்களும் நெருக்கடியில் எதைக் கொண்டு நடந்தன? ஜாமீனுக்குப் பணம் வேண்டியிருந்தபோது, அச்சகத்துக்குப் பாக்கி கட்ட வேண்டியிருந்தபோது, அடகுக் கடைக்குப் போனது வீட்டுப் பெண்ணின் வளையல்தான். நமக்குத் தெரிந்த சிறுபத்திரிகைகளில் எத்தனை, மனைவியின் சங்கிலி அடகில் இருந்த மாதங்களில் வந்தவை என்று கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் குழுவில் அவள் பெயர் இருக்காது. நன்றி பக்கத்திலும் இருக்காது. நகை பற்றிப் பேசாமல் இருந்ததில் நமக்கு இருந்த வசதி இதுதான். பேசியிருந்தால் கணக்கு வந்திருக்கும். பத்திரிகையும் ஒருவகை அன்மொழித்தொகையாகவே இருந்திருக்கிறது. சொல்லில் இல்லாத ஒருத்தியால் அது பொருள் கொண்டது.

சுயமரியாதைத் திருமணங்களுக்கு 1967இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம் மாலை மாற்றினாலோ மோதிரம் மாற்றினாலோ போதும், தாலி கட்டாயம் இல்லை என்று ஏற்றுக்கொண்டது. போடுவதா வேண்டாமா என்பதை அவள் தீர்மானிக்கட்டும் என்பதற்கு அது ஒரு தொடக்கம். அந்தத் தீர்மானம் முழுமையாக வேண்டுமானால் அவளுக்கு மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தன் நகையில் என்ன கலந்திருக்கிறது. அதன் கணக்கு யார் பெயரில் இருக்கிறது. அது தன்னைக் காக்கிறதா, தான் அதைக் காத்துக்கொண்டிருக்கிறாளா.

அடகுச் சீட்டு பீரோவில் இருக்கும். அதில் யார் கையெழுத்து இருக்கிறது, யாருடைய நகை என்று எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். மீட்கிற நாள் எது என்பதையும் பாருங்கள்.